முப்பது நாளில் ஓர் அமாவாசை

மகேஸ்வரி டீச்சருக்குக் கணக்கின் மேல் கோபம் கிடையாது. கணக்குக்குச் சட்டை மாட்டி, வேட்டி கட்டி, மனுஷனைப் போல நடக்க விடுகிறார்களே, அந்த வார்த்தைக் கணக்கின் மேல்தான் கோபம். சிதம்பரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தேழு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டுத் தொடர்வரிசை நடத்துகிறாள். ஒரே அளவில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும் எண்கள், அவ்வளவுதான் விஷயம். இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று. முதல் எண் என்ன, எவ்வளவு ஏறுகிறது, மொத்தம் எத்தனை எண் என்று மூன்றும் தெரிந்துவிட்டால் கூட்டுத்தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதைச் சொல்வதற்கு எதற்கு ஒரு கதை?

"ஒரு திரையரங்கின் முதல் வரிசையில் இருபது இருக்கைகள், அடுத்தடுத்த வரிசையில் இரண்டிரண்டு கூடுதல்" என்று படிக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு தியேட்டரை அவள் சிதம்பரத்திலும் பார்த்ததில்லை, கடலூரிலும் பார்த்ததில்லை. இன்னொரு கணக்கில் ஒரு தோட்டக்காரர் வருவார். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு முதல் மரத்துக்குப் போவார், கிணற்றுக்குத் திரும்புவார், இரண்டாவது மரத்துக்குப் போவார், மறுபடியும் திரும்புவார். இருபத்தைந்து மரத்துக்கு இப்படியே நடந்து சாவார். "அந்த ஆளு ஒரு ஓஸ் பைப்பு வாங்கினா இந்தக் கணக்கே வராதே!" என்று வகுப்பில் கத்துவாள். பிள்ளைகள் சிரிக்கும். சிரித்த பிள்ளைகள் பரீட்சையில் அதே கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு வந்து நிற்கும். அதற்கும் கத்துவாள்.

கத்துவது அவளுக்குச் சுபாவம். பள்ளியில் அவளுக்கு 'குக்கர் டீச்சர்' என்று பேர். அவளுக்கும் தெரியும். கீழ வீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ், அவள் ஸ்கூலிலிருந்து வந்ததும் காப்பி கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் வாயைத் திறக்கமாட்டார். முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

இப்படிப்பட்டவளைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வினா வங்கிக்குக் கேள்வி எழுத அனுப்பி வைத்தார்கள். வெளியூரில் மூன்று நாள் பயிலரங்கு. உள்ளே நுழையும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: இங்கே எழுதிய எந்தக் கேள்வியையும் பற்றி, எழுதியவர் நான்தான் என்று எவரிடமும் எக்காலத்திலும் சொல்லமாட்டேன். அவளும் போட்டாள். தலைக்கு இருபது கேள்வி. இரண்டு நாளில் பத்தொன்பது முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம், சாம்பார் சாதம் சாப்பிட்ட மயக்கத்தில், இருபதாவது வராமல் அடம் பிடித்தது. பக்கத்து மேசைக்காரர் தியேட்டர் இருக்கையை எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வந்த எரிச்சலில், நம் மாவட்டத்துக்கு என்று ஒரு கடல் இருக்கிறதே, அதை எவனாவது கணக்கில் சேர்த்தானா என்று தோன்றியது. உடனே எழுதினாள்.

'ஒரு மீனவர் முதல் நாள் 20 கிலோ மீன் பிடிக்கிறார். அதன்பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட 2 கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார் எனில், 30 நாள்களில் அவர் பிடித்த மொத்த மீன் எவ்வளவு?'

விடை 1470 கிலோ. ஐந்து மதிப்பெண். எழுதி முடித்ததும் அவளுக்கே பெருமையாக இருந்தது. வாளி இல்லை, இருக்கை இல்லை, ஊர் மணக்கும் கணக்கு. அந்த ஊர்மணத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவள் பிறந்தது கம்மாபுரம் பக்கம் ஓர் உள்கிராமத்தில். நெல்லும் மணிலாக்கொட்டையும் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி வைக்கிற சத்தம் தெரியும். கடலைத் தேவனாம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்டல் பொட்டலத்தோடு பார்த்திருக்கிறாள். மீனைச் சிதம்பரம் மார்க்கெட்டில், துண்டு போட்ட பிறகு பார்த்திருக்கிறாள்.

அந்தக் கேள்வி இந்த வருஷம் பொதுத்தேர்வில் வந்துவிட்டது. வினாத்தாளைப் பிரித்துப் பார்த்த மகேஸ்வரிக்குத் தலை கால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஜெயப்பிரகாஷிடம்கூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறாளே! அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டவருக்கு, "ரவை இருந்துச்சு" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் விடைத்தாள் திருத்தக் கடலூருக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. காலை ஆறரை மணிக்கே சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இடம் பிடித்து, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டி, திருப்பாப்புலியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, ஒன்பது மணிக்குள் மையத்தில் போய் உட்கார வேண்டும். மையம் என்றால் ஒரு பழைய பள்ளிக்கூடம். மின்விசிறி சுற்றும், காற்று வராது. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். தாளில் மாணவர் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது, ஒரு டம்மி நம்பர் மட்டும்தான். எந்த மாவட்டத்துத் தாள் என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

அவள் இருந்த அறைக்குத் தலைமை மணவாளன் சார். எல்லாரும் 'சீஃப்' என்று கூப்பிட்டார்கள். நல்ல மனுஷன்தான், விடைக்குறிப்பைத் தவிர வேறெதையும் நம்பாதவர். அச்சடித்த அந்த நான்கு தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவாமி படத்தை எடுத்து வைப்பதுபோல் மேசையில் வைப்பார். இன்னொரு விஷயமும் உண்டு. ஜூன் மாதம் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. அதில் மகேஸ்வரியின் பேர் முன்னால், மணவாளன் பேர் அவளுக்கு அடுத்தது. எட்டு வருஷமாக அவள் காத்திருக்கும் பட்டியல். இதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை, இருவருக்கும் தெரியும்.

நான்காம் நாள் காலை, பதினோராவது தாள். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. ஒரு மதிப்பெண் கேள்வியில் பாதி போச்சு, வடிவியலில் வட்டம் முட்டையாகிவிட்டது. எரிச்சலோடு திருப்பிக்கொண்டே போனவள் மீன் கணக்குக்கு வந்து சேர்ந்தாள். சூத்திரம் சரி. a = 20 சரி. d = 2 சரி. n = 29.

"கேள்வியில முப்பதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, இதுக்கு இருபத்தொம்போது எங்கேருந்து வந்துச்சு? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு?" என்று வாய்விட்டே திட்டினாள். பக்கத்து டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு சுழி சுழிக்கப் போனபோதுதான், கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள்.

'குறிப்பு: 30 நாளில் ஒரு அமாவாசை வரும். அன்று தொழிலுக்குப் போகமாட்டார்கள். எனவே n = 29.'

அதற்கப்புறம் கணக்கு ஒழுங்காகப் போயிருந்தது. இருபத்தொன்பதில் பாதி, பெருக்கல் தொண்ணூற்றாறு, 1392 கிலோ. அடியில் இரண்டு கோடு.

மகேஸ்வரி பேனாவை மூடினாள். முதலில் வந்தது கோபம்தான். அதிகப்பிரசங்கி! கணக்கைப் போடு என்றால் பஞ்சாங்கம் பார்க்கிறதே இது! அப்புறம் அவள் கண் தானாகச் சுவருக்குப் போனது. அங்கே மாதக் காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய், எல்லாரும் பார்க்க, விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரல் மூன்றில் தொடங்கி முப்பது நாள், அமாவாசை உள்ளே. ஏப்ரல் பதினெட்டில் தொடங்கி முப்பது நாள், உள்ளே. அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிப் பார்த்தாள், கடைசியில் அடுத்த அமாவாசை வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே தொடங்கினாலும் தப்பிக்க வழியில்லை.

திரும்பி வந்து மற்றக் கேள்விகளை எல்லாம் திருத்தி மதிப்பெண்ணைக் கூட்டினாள். முப்பத்தொன்று. விடைக்குறிப்பின்படி மீன் கணக்கில் சூத்திரத்துக்கு ஒன்று, சரியான பிரதியிடலுக்கு இரண்டு, விடைக்கு இரண்டு. n தப்பென்றால் ஒன்றோடு சரி. முப்பத்திரண்டு. பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும். மீன் கணக்குச் சரியென்றால் முப்பத்தாறு. இரண்டு தரம் கூட்டினாள், மூன்று தரம் கூட்டினாள். அந்தப் பிள்ளை தேறுவதும் தோற்பதும் அவளுடைய மீன் கணக்கில் வந்து நின்றது.

டீ இடைவேளைக்கு மணி அடித்ததும் நேரே வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் ஆண்டி நாற்காலியில் உட்கார்ந்து கைபேசிகள் இருந்த பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். கடலோரக் குப்பத்துக்காரர், முழங்கால் தேய்ந்து போய் வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர்.

"ஆண்டி, அமாவாசைக்கு உங்க ஊருல கடலுக்குப் போவாங்களா?"

"எவன் போவான்? அன்னிக்கிப் போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கும். ஏன் டீச்சரம்மா, மீனு வேணுமா?"

"மீனு வேணாம். நெஜமாவே ஒருத்தரும் போவமாட்டாங்களா?"

"இன்னா டீச்சரம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நீங்க எந்த ஊரு?"

"சிதம்பரம்."

"சிதம்பரத்துலேருந்து கிள்ளை எம்மாந் தூரம்? பஸ் ஏறினா அரை மணி நேரம். அங்க ஒரு கொயந்தையக் கேட்டாலும் சொல்லுமே!" என்றார் ஆண்டி. அவருக்கே சலித்துவிட்டது.

வெட்கமாகப் போய்விட்டது மகேஸ்வரிக்கு. அதை மறைக்க இன்னொரு கேள்வி கேட்டாள். "சரி, ஒரு ஆளு தெனமும் முந்தின நாளவிட ரெண்டு கிலோ ஜாஸ்தியாப் புடிப்பாரா?"

ஆண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு கிலோ ரெண்டு கிலோவா ஏர்றதுக்குக் கடலு இன்னா உங்க வூட்டு அண்டாவா? ஒரு நாளைக்கி வல கிழியும், ஒரு நாளைக்கி திங்க ஒதவாத சொறி மீனா வரும். எவன் டீச்சரம்மா உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

"எவளோ ஒரு முட்டாளு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே உள்ளே போனாள்.

மணவாளன் சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார், மீசைக்குள் சிரித்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கு. ஆனா ஆன்சர் கீயில முப்பதுதான் மேடம். ஒரு மார்க்கு போடுங்க."

"ஒண்ணு போட்டா முப்பத்திரெண்டு சார். ஃபெயில்."

"முப்பத்திநாலுன்னா எங்கியாச்சும் தேடிப் புடிச்சித் தூக்கி விட்டுடலாம். மூணு மார்க்குக்கு நான் எங்க போறது?"

"எங்கியும் போவ வேணாம். இங்கியே இருக்கு. இந்தப் பிள்ளை எழுதினது சரி."

"எப்பிடிச் சரி? கேள்வியில அமாவாசைன்னு ஒரு வார்த்த இருக்கா?"

"முப்பது நாளுன்னு இருக்கு. மீனவருன்னு இருக்கு. ரெண்டும் சேர்ந்தா அமாவாசை வந்துதான் தீரும். காலண்டர எடுத்துப் பாருங்க."

"சரி, அப்பிடியே வெச்சிக்கிவோம். சில சமயம் மொத நாளு ஒண்ணு, முப்பதாம் நாளு ஒண்ணுன்னு ரெண்டு அமாவாசை வருமே! அப்ப இருபத்தெட்டா? நாளைக்கி இன்னொருத்தன் பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாளு லீவு போட்டாருன்னு எழுதுவான். அதுக்கும் அஞ்சு மார்க்கா?"

"மொத நாளு இருவது கிலோ புடிச்சாருன்னு கேள்வியிலயே போட்டிருக்கு, அன்னிக்கி எப்பிடி சார் அமாவாசையா இருக்கும்? கல்யாணம் வரலாம், வராமப் போவலாம். அமாவாசை வராமப் போவாது."

அறையில் இருந்த பத்துப் பேரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். மணவாளன் சாருக்கு முகம் சிவந்தது. "மேடம், கேள்வி போட்டவங்க மனசுல முப்பது உறுப்புதான் இருந்துச்சு. அதுக்குத்தான் மார்க்கு."

"கேள்வி போட்டவங்க மனசுல இன்னா இருந்துச்சின்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

மகேஸ்வரியின் மனசில் அன்று என்ன இருந்தது? சாம்பார் சாதம் இருந்தது. பக்கத்து மேசைக்காரன்மேல் எரிச்சல் இருந்தது. கடல் மட்டும் இல்லை. எழுதியவள் நான்தான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டால் இந்த ஆள் வாயடைத்துப் போவார். சொன்னால் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனாள்.

மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைப் பாதியிலேயே மூடி வைத்தாள். காரணமில்லாமல் இருபத்தொன்பது என்று போட்டிருந்தால் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இந்தப் பாழாய்ப் போன பிள்ளை காரணத்தை எழுதித் தொலைத்துவிட்டதே! 'காரணம் எழுது, காரணம் எழுது, வெறும் விடைக்கு மார்க்கு கெடையாது' என்று இருபத்தேழு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். எழுதிவிட்டது. இப்போது கத்தினவள் கையில் சிவப்புப் பேனா இருக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?

பட்டியலை நினைத்தாள். எட்டு வருஷம். அவளுக்கு அப்புறம் சேர்ந்தவர்கள்கூட ஒவ்வொருவராக வேறு வழியில் போய்த் தலைமை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் பேரைத் தூக்கிவிடுவார்கள் என்பது பள்ளிக்கூடத்து அட்டெண்டருக்குக்கூடத் தெரியும். முகம் தெரியாத, ஊர் தெரியாத, வட்டத்தை முட்டையாகப் போடுகிற ஒரு பிள்ளைக்காக இதெல்லாம் தேவையா? தேவையில்லை என்று மனசு சொன்னது. சொன்ன மனசின்மேலும் கோபம் வந்தது.

மூன்று மணிக்கு ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினாள். 'இக்கேள்வியை உருவாக்கியவள் நான். உருவாக்கியபோது அமாவாசையன்று மீனவர் கடலுக்குச் செல்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. கேள்வியில் பிழை உள்ளது. பிழை மாணவருடையது அன்று. எனவே காரணத்துடன் n = 29 எனக் கொண்ட விடைக்கு முழு மதிப்பெண் வழங்கக் கோருகிறேன்.' கீழே கையெழுத்து, பதவி, பள்ளி. எதையும் விடவில்லை.

மையத்துக்குப் பொறுப்பான முகாம் அலுவலர் தாண்டவராயனுக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. யார் வம்புக்கும் போகாமல் ஒதுங்கிப் போய்விட வேண்டும் என்று இருந்தவர். கடிதத்தைப் படித்தார், எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்மா, உங்களுக்கு நல்லாத்தான இருக்கு ஒடம்பு?"

"நல்லா இருக்கு சார்."

"சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப நான்தான்னு எழுதிக் குடுக்கறீங்க. இது எங் கைக்கு வந்தா நான் மேல அனுப்பியாவணும். அனுப்பினா மெமோ வரும். ஜூன்ல புரமோஷன் பேனலு. யோசிச்சிப் பாருங்க. இந்தத் தாளை நான் பாக்கல. நீங்க எடுத்துக்கினு போயி அந்தப் பேப்பருல ஒரு மார்க்கு போட்டுடுங்க. சப்ளிமெண்டரி இருக்கு, ஜூலையில எழுதிப் பாஸ் பண்ணிக்கும்."

கடிதத்தை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார். நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பிள்ளை எதுக்கு சார் மறுபடியும் எழுதணும்? தப்பு பண்ணவ நானு. எழுதறதுன்னா நான்தான் எழுதணும்."

"எத்தனையோ பிள்ளைங்க ஃபெயிலாவுது..."

"மத்ததெல்லாம் அதுங்க தப்புக்கு ஃபெயிலாவுது. இது எந் தப்புக்கு ஃபெயிலாவுது. மேல அனுப்புங்க சார்!" கத்திவிட்டாள். கதவைச் சாத்தியது வீணாகப் போயிற்று. வெளியே வராந்தா முழுக்கக் கேட்டது.

கடிதம் அன்றைக்கே போனது. அந்தத் தாளை மட்டும் தனியே உறையில் போட்டு வைத்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மகேஸ்வரி வந்து முப்பது முப்பது தாளாகத் திருத்திவிட்டுப் போனாள். அறையில் யாரும் அவளோடு பேசவில்லை. பக்கத்து டீச்சர் மட்டும், "எங்களுக்குச் சொல்லியிருந்தா நாங்களாச்சும் தடுத்திருப்போமே" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது கிழக்கே பார்த்தாள். கடல் தெரியாது, தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மணவாளன் சார் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். திருத்திய விடைக்குறிப்பு வந்திருந்தது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்: "முப்பத்தொன்பதாம் வினா. அமாவாசையைக் காரணம் காட்டி n = 29 எனக் கொண்டு 1392 என விடையளித்திருந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம்." எழுதியவர் பேர் எதுவும் அதில் இல்லை. திருத்தி முடித்த கட்டுகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்ததில் அந்த மையத்தில் மட்டும் அப்படி ஏழு தாள் அகப்பட்டது. அந்த ஏழையும் திருத்தினவர்கள் காரணத்தைப் படித்துவிட்டு, ஒன்று போட்டுவிட்டு, அடுத்த தாளுக்குப் போயிருந்தார்கள்.

உறையிலிருந்த தாள் மகேஸ்வரியிடம் வந்தது. மீன் கணக்குக்கு ஐந்து போட்டாள். முதல் பக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதி வட்டம் போட்டாள். "முட்டை வட்டத்துக்கு இது ஜாஸ்தி" என்று முணுமுணுத்தபடியே கட்டுக்குள் வைத்தாள்.

ஜூனில் பட்டியல் வந்தது. விசாரணை நிலுவை என்று அவளைத் தூக்கிவிட்டு, அவள் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மணவாளன் பேரைப் போட்டிருந்தார்கள். அவர் அன்றைக்கே போனில் கூப்பிட்டார். "மேடம், மனசுல வெச்சிக்காதீங்க. நான் ஒண்ணும் பண்ணல."

"தெரியும் சார். வாழ்த்துக்கள். அடுத்த வருஷம் கேம்ப்புக்கு வரும்போது ஒரு காலண்டர் எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு அடுப்படிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள். ஜெயப்பிரகாஷ் காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசாமல் இருந்தார்.

ஜூலையில் மெமோ வந்தது. இரண்டு கேள்வி, பதினைந்து நாளுக்குள் பதில். ஒன்று, உறுதிமொழியை மீறி வினாவை உருவாக்கியவர் தாம்தான் என வெளிப்படுத்தியது ஏன்? இரண்டு, வினாவை உருவாக்கும்போது உரிய கவனம் செலுத்தாதது ஏன்?

"வக்கீலு ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவரு இருக்காரு மகேசு. அவர உட்டு நைசா எழுதச் சொல்லலாம். வேல நெருக்கடி, ஒடம்பு சரியில்ல, அந்த மாதிரி" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"எனக்கு ஒடம்பெல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு."

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"இருபத்தேழு வருஷமா பிள்ளைங்கள கதை எழுதாத, காரணம் எழுதுன்னு கத்தறேன். நான் கதை எழுதவா?"

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். முதல் கேள்விக்கு: 'சொல்லாவிட்டால் ஒரு மாணவர் என் பிழைக்காகத் தோற்றிருப்பார்.' இரண்டாவதுக்கு: 'கவனம் செலுத்தினேன். தெரியவில்லை. குறிப்பு: கடல் உள்ள மாவட்டத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடலோரப் பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருந்திருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் எதையும் கேட்டதில்லை.'

அடியில் இரண்டு கோடு போட்டு, கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டினாள்.